கரண்ட் வந்த வேகத்தில் தையல் மெஷின் போய்விட்டது, ஸ்பைக் பஸ்டர் ஏன் காப்பாற்றவில்லை?

ஊசிமுனை · முதல் நாள், இரவு 8:40

எல்லோருக்கும் வணக்கம். நேற்று சாயங்காலம் கரண்ட் போய் அரை மணி நேரம் கழித்து வந்தது. வந்த கையோடு தையல் அறையில் 'டப்' என்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டர் மெஷினின் திரை இருட்டு. ஸ்விட்சை எத்தனை முறை தட்டினாலும் உயிரே இல்லை. பாதி தைத்த ஜாக்கெட் ஊசிக்குக் கீழே மாட்டிக்கொண்டு நிற்கிறது. கையால் சக்கரத்தைச் சுற்றித்தான் வெளியே எடுத்தேன்.

இத்தனைக்கும் மெஷினைச் சுவரில் நேராகச் சொருகவில்லை. ஸ்பைக் பஸ்டர் பெட்டி வழியாகத்தான் ஓட்டுகிறேன். அந்தப் பெட்டியைத் தொட்டால் சூடு, பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வேறு. ஹாலில் செட்டாப் பாக்ஸும் போய்விட்டது. பிரிட்ஜுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது ஸ்டெபிலைசரில் இருக்கிறது. அதே பெட்டியில் சொருகியிருந்த என் பழைய மோட்டார் மெஷினும் நன்றாக ஓடுகிறது.

கேள்வி இரண்டு. ஸ்பைக் பஸ்டர் இருந்தும் ஏன் போனது? அடுத்து என்ன வாங்குவது, இதைவிடப் பெரிய ஸ்பைக் பஸ்டரா, ஸ்டெபிலைசரா, யுபிஎஸ்ஸா?

இரட்டைப்பாபின் · இரவு 9:05

அக்கா, பெட்டி என்ன ரகம்? ஸ்பைக் பஸ்டர் என்று எழுதி விற்கும் பெட்டிகளில் பாதி, சிவப்பு விளக்கு வைத்த வெறும் எக்ஸ்டென்ஷன்தான். நான் ஒன்றைத் திறந்து பார்த்திருக்கிறேன். உள்ளே மூன்று பித்தளைத் தகடு, ஒரு ஃபியூஸ், ஒரு பல்ப். அவ்வளவுதான். நல்லதாக ஒன்று வாங்கியிருந்தால் தப்பியிருக்கும்.

மாடிக்காற்று · இரவு 9:20

ஸ்டெபிலைசர் போட்ட பிரிட்ஜ் தப்பியது, போடாத மெஷின் போனது. பதில் உங்கள் பதிவிலேயே இருக்கிறதே! மெஷினுக்கும் ஒரு ஸ்டெபிலைசர் போடுங்கள், வேலை முடிந்தது.

சால்டர்புகை · இரவு 10:15

கொஞ்சம் பொறுங்கள். மருந்து வாங்குவதற்கு முன்னால் நோய் என்னவென்று பார்ப்போம். இருபது வருடத்துக்கு மேல் போர்டு ரிப்பேர் செய்கிறேன். 'ஸ்பைக் அடித்துப் போய்விட்டது' என்று வருகிற பொருட்களில் நிறைய ஸ்பைக்கால் போனவையே இல்லை.

ஸ்பைக் என்றால் வோல்டேஜ் திடீரென்று எகிறி உடனே இறங்குவது, கண் சிமிட்டுவதை விடவும் சின்னது. சோதனைக்கூடத்தில் அதற்கு வைத்திருக்கும் மாதிரி அலை 1.2 மைக்ரோ விநாடியில் உச்சிக்கு ஏறி, 50 மைக்ரோ விநாடியில் பாதியாக இறங்கிவிடும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு அரை அலைக்கே 10,000 மைக்ரோ விநாடி ஆகிறது. அந்த அரை அலையில் இருநூறில் ஒரு பங்கு நேரம். மின்னல், மோட்டார் நிற்பது, லைனை மாற்றிப் போடுவது, இவற்றால் வருவது இந்த வகை.

இன்னொன்று இருக்கிறது. வோல்டேஜ் ஏறி, ஏறினபடியே சில விநாடியோ சில நிமிடமோ நிற்பது. இதைக் கண்டால் எனக்கே பயம். ஸ்பைக் பஸ்டருக்குள் இருக்கும் வேரிஸ்டர், அதாவது வோல்டேஜ் எகிறினால் கதவு போலத் திறந்து அதைத் தன் வழியே விட்டுவிடும் வில்லை, முதல் வகைக்காகச் செய்த பொருள். இரண்டாவது வந்தால் தானே வெந்து போகும்.

உங்கள் பெட்டி சூடாக இருந்தது, வாடை வந்தது என்கிறீர்கள். மைக்ரோ விநாடியில் வந்து போனது இப்படிப் பெட்டியைச் சுட வைக்காது. சில கேள்விகள் கேட்கிறேன், யோசித்துச் சொல்லுங்கள்:

பழைய மெஷினில் ஊசிக்கு மேலே ஒரு குட்டி பல்ப் இருக்குமே, அது எரிகிறதா? வீட்டுக்கு வரும் இணைப்பு சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா? கடந்த சில வாரங்களில் விளக்கு மினுக்கியது, ஃபேன் தானாக வேகம் ஏறியது, அந்த மாதிரி ஏதாவது?

நூல்கண்டு · இரவு 10:40

எங்கள் வீட்டில் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் போட்டிருக்கிறோம். அது இருந்தால் இதெல்லாம் வராதுதானே?

கம்பிவடம் · இரவு 11:02

இல்லை நூல்கண்டு. அது மனிதருக்கு ஷாக் அடிக்காமல் காக்கும் கருவி. போன கரண்டும் திரும்பிய கரண்டும் சமமா என்று மட்டும் பார்க்கும், வோல்டேஜ் எவ்வளவு என்று பார்க்காது. எம்சிபியும் அப்படித்தான், கரண்ட் அதிகமானால் விழும். வோல்டேஜ் 300 ஆனாலும் இரண்டும் பேசாமல் நிற்கும். கழற்றி எறிந்துவிடாதீர்கள், அது வேறு வேலைக்கு அவசியம்.

வயரிங் வேலை செய்பவன் என்பதால் சொல்கிறேன், சால்டர்புகை அண்ணன் கேட்ட கேள்விகளுக்கு ஊசிமுனை என்ன பதில் சொல்கிறார் என்று காத்திருக்கிறேன். எனக்கும் அதே சந்தேகம்.

ஊசிமுனை · இரண்டாம் நாள், காலை 6:50

அண்ணா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுப் போய்ப் பழைய மெஷினின் விளக்கைத் திருகிக் கழற்றிப் பார்த்தேன். பல்ப் ஃபியூஸ் ஆகியிருக்கிறது. கண்ணாடிக்கு உள்ளே ஒரு பக்கம் வெள்ளி பூசினது போல மங்கல். பகலில் ஓட்டிப் பார்த்ததால் விளக்கு எரியாதது கண்ணில் படவே இல்லை.

மீட்டரிலிருந்து நான்கு வயர் வருகிறது, த்ரீ ஃபேஸ்தான் என்று வீட்டுக்காரர் சொல்கிறார்.

மினுக்கல் பற்றிக் கேட்டதும்தான் ஞாபகம் வருகிறது. ஒரு மாதமாகவே ஒரு வினோதம். துணி தேய்க்கும் மேஜை பக்கத்து அறையில் இருக்கிறது. அயர்ன் பாக்ஸைப் போட்டால் என் பழைய மெஷினின் விளக்கு பளிச்சென்று கூடும். அயர்ன் சூடேறி 'க்ளிக்' என்று நின்றதும் பழையபடி ஆகும். திரும்ப க்ளிக், திரும்பப் பளிச். ஃபேனும் ஒரு மாதிரி வேகம் எடுக்கும். அயர்ன் போட்டால் விளக்கு மங்குவதைத்தான் இதுவரை பார்த்திருக்கிறேன், இங்கே வெளிச்சம் கூடுகிறதே, நல்லதுதானே என்று விட்டுவிட்டேன்.

சால்டர்புகை · காலை 7:20

தாயே, அது நல்லது இல்லை! எழுதியதைப் படித்ததும் தேநீரைக் கீழே வைத்துவிட்டு இதை அடிக்கிறேன்.

உடனே செய்ய வேண்டியது: அயர்னைப் போடாதீர்கள். டிவி, கம்ப்யூட்டர், சார்ஜர், எதையெல்லாம் சாக்கெட்டிலிருந்து உருவ முடியுமோ உருவிவிடுங்கள். முடிந்தால் மெயினையே இறக்கிவிடுங்கள். மெயின் பெட்டியை நீங்கள் திறக்க வேண்டாம். இன்றைக்கே ஒரு எலக்ட்ரீஷியனை வரச்சொல்லி 'நியூட்ரல் லூசா பாருங்கள்' என்று இந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள்.

காரணம் இதுதான். த்ரீ ஃபேஸ் வீட்டில் மூன்று ஃபேஸுக்கும் திரும்பிப் போகும் வழி ஒன்றே ஒன்று, அது நியூட்ரல். அது உறுதியாக இருக்கும்வரை ஒவ்வொரு ஃபேஸுக்கும் 230 கிடைக்கும். அது விட்டுப்போனால், ஒரு ஃபேஸில் இருக்கும் அயர்னும் இன்னொரு ஃபேஸில் இருக்கும் மெஷினும் வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிக்கொள்ளும், அவற்றுக்கு நடுவே இருப்பது இரண்டு ஃபேஸுக்கு இடைப்பட்ட 400 வோல்ட். அயர்ன் போல நிறையக் கரண்ட் இழுக்கும் பக்கத்தில் வோல்டேஜ் சரியும். மெஷின், விளக்கு போலக் கொஞ்சமாக இழுக்கும் பக்கத்தில் ஏறும். சின்னப் பொருள்தான் அடி வாங்கும். அயர்ன் ஒரு பக்கம் க்ளிக் ஆக, உங்கள் குட்டி பல்ப் இன்னொரு பக்கம் பளிச்சிட்டது இதனால்தான். ஒரு மாதமாக அது உங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

கரண்ட் திரும்பி வந்தபோது வீட்டில் எல்லாம் ஒரே நேரத்தில் இழுத்திருக்கும். ஏற்கெனவே லூசான இடம் அந்த நேரத்தில் முழுக்க விட்டிருக்கும்.

இப்போது கணக்கு. 230 வோல்ட் என்பதன் உச்சி 325 வோல்ட். மெஷினின் பவர் போர்டில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் 400 அல்லது 450 வோல்ட் தாங்கும், அதனால் நிம்மதி. 400 வோல்ட் வந்தால் உச்சி 566. எந்தக் கெப்பாசிட்டரும் பொறுத்துக்கொள்ளாது. போர்டின் வாசலில் பொத்தான் மாதிரி ஒரு நீல வட்டு நிற்கும், அதுதான் வேரிஸ்டர். ஸ்பைக் பஸ்டருக்குள்ளும் அதேதான். உடம்பில் '14டி431' என்று இருந்தால் 14 மில்லிமீட்டர் வட்டு, 430 வோல்ட்டில் கதவைத் திறக்க ஆரம்பிக்கும் என்று அர்த்தம். உச்சி 566 என்றால் ஒவ்வொரு அரை அலையிலும் கதவு திறக்கும், விநாடிக்கு நூறு முறை. துத்தநாக ஆக்சைடுத் தூளைச் சுட்டுச் செய்த வில்லை அது. வந்து போகிற அடியை வாங்கும், உட்கார்ந்து கொள்கிற அடியை வாங்காது. சில விநாடியில் வெந்து ஷார்ட் ஆகும். நீங்கள் கேட்ட 'டப்' அதுவாகத்தான் இருக்கும்.

பல்ப் விஷயமும் அதையே சொல்கிறது. 50 மைக்ரோ விநாடி ஸ்பைக்குக்கு இழை பல்ப் பெரும்பாலும் அசையாது, இழை சூடேறவே நேரம் போதாது. பழைய மெஷினின் மோட்டார் தப்பியதற்குக் காரணம் எளிது: பெடலை யாரும் மிதிக்கவில்லை, மோட்டாருக்கு மின்சாரமே போகவில்லை. விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது, அது மாட்டிக்கொண்டது.

மாடிக்காற்று · காலை 8:10

அப்படியென்றால் பிரிட்ஜைக் காப்பாற்றியது ஸ்டெபிலைசர்தானே, நான் சொன்னது சரிதானே!

சால்டர்புகை · காலை 8:25

பாதி சரி. ஸ்டெபிலைசருக்குள் ஒரு டிரான்ஸ்பார்மரும் சில ரிலேக்களும் இருக்கின்றன. வோல்டேஜ் வரம்பை விட்டுப் போனால் துண்டித்துவிடும் 'ஹை கட்' இருந்தால் காப்பாற்றும், உங்கள் பேச்சு ஜெயித்தது அதனால்தான். ரிலே நகரப் பத்து, இருபது மில்லி விநாடி ஆகும். மின்னல் ஸ்பைக் அதற்குள் வந்து, வேலையை முடித்து, வீட்டுக்கும் போய்விடும். அதற்கு வேரிஸ்டர்தான், நானோ விநாடியில் திறக்கும். ஆக இரண்டு நோய்க்கு இரண்டு மருந்து. ஹை கட் இல்லாத ஸ்டெபிலைசரும் உண்டு, பெட்டியில் பார்த்து வாங்குங்கள்.

தூரத்துத்தையல் · காலை 9:45

நான் இருப்பது 120 வோல்ட் நாட்டில். எங்களுக்கு த்ரீ ஃபேஸ் வீட்டுக்குள் வராது. ஆனால் 240ஐ நடுவில் பிரித்து 120, 120 என்று இரண்டு பக்கமாகத் தருவார்கள். இங்கும் நடு வயர் லூசானால் ஒரு பக்கம் 90, மறு பக்கம் 150 என்று சாயும், கூட்டினால் எப்போதும் 240. என் பக்கத்து வீட்டில் இதேதான் நடந்தது. மைக்ரோவேவ் போட்டால் படுக்கையறை விளக்கு பிரகாசமாகும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். இப்போது யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது.

ஒன்று கேட்க வேண்டும். ஒரே ஃபேஸ் மட்டும் வரும் வீட்டில் நியூட்ரல் லூசானால்?

கம்பிவடம் · காலை 10:30

நல்ல கேள்வி. ஒரே ஃபேஸ் மட்டும் வரும் வீட்டுக்குள் நியூட்ரல் விட்டால் வீடு இருட்டாகும், அல்லது மினுக்கும். மெஷின் எரியாது. ஆனால் சாக்கெட்டில் ஃபேஸ் இருந்துகொண்டே இருக்கும், 'கரண்ட் இல்லை' என்று கை வைத்தால் ஆபத்து. நியூட்ரல் வெளியே கம்பத்திலோ டிரான்ஸ்பார்மரிலோ விட்டால் கதை மாறும். தெருவே த்ரீ ஃபேஸ்தான். பக்கத்து வீடு வேறு ஃபேஸில் இருந்தால் உங்கள் வீட்டில் வோல்டேஜ் ஏறலாம். அப்படியானால் எலக்ட்ரீஷியன் போதாது, மின்சாரம் கொடுப்பவர்களைத்தான் கூப்பிட வேண்டும்.

இதைத் தடுக்கத் தனிக் கருவி உண்டு. ஓவர் வோல்டேஜ் ரிலே என்று கேளுங்கள். மெயின் போர்டில் எம்சிபி வரிசையிலேயே உட்காரும், வோல்டேஜை எண்ணில் காட்டும். 230 வோல்ட் லைனுக்குப் பத்து சதவீதம் கூட்டிக் கழித்தால் 207 முதல் 253. நான் மேல் வரம்பை 265க்குப் பக்கத்தில் வைப்பேன், ரொம்பக் கிட்டத்தில் வைத்தால் தேவையில்லாமல் விழுந்து உயிரை வாங்கும். திரும்பப் போடும் தாமதத்தை மூன்று நிமிடத்துக்கு மேல் வைத்தால் பிரிட்ஜ் கம்ப்ரசருக்கும் நல்லது, உள்ளே அழுத்தம் சமமாக அவகாசம் கிடைக்கும்.

பழையஇரும்பு · காலை 11:15

இதனால்தான் நான் இன்னும் மூதாட்டி மெஷினை விடவில்லை. என்னுடையது வார்ப்பிரும்பு, எடை தூக்கினால் இடுப்பு போகும். எலக்ட்ரானிக்ஸ் என்று ஒன்றுமே இல்லை. கார்பன் பிரஷ் வைத்த மோட்டார், பெடலுக்குள் தடைக்கம்பி. ஸ்பைக்காவது கிஸ்பைக்காவது!

ஆனால் பெருமை பேசியதற்குத் தண்டனையாகப் போன மாதம் பெடலிலிருந்து புகை வந்தது. கடுமையான நாற்றம். பெடலை விட்ட பிறகும் மெஷின் தானாக ஓடியது, பிளக்கைப் பிடுங்கித்தான் நிறுத்தினேன். இதுவும் வோல்டேஜ் ஏறியதாலா?

சால்டர்புகை · காலை 11:50

இல்லை ஐயா, இது வயசு. பிரஷ் மோட்டார் பொறி பறக்கும், அது ரேடியோவில் கரகரக்கும். அந்த இரைச்சலை அடக்கப் பெடலுக்குள் ஒரு சின்னக் கெப்பாசிட்டர் வைப்பார்கள். பழையவற்றில் அது காகிதச் சுருள், மேலே கண்ணாடி மாதிரிப் பிசின் உறை. பல வருடத்தில் உறையில் மயிரிழை விரிசல் விழும், ஈரம் இறங்கும், ஒரு நாள் புகையும். அது ஷார்ட் ஆனால் பெடல் தொடாமலே மோட்டார் ஓடும். அதே அளவில் புதிய எக்ஸ்2 வகைக் கெப்பாசிட்டர் (மெயின் லைனில் போடுவதற்கென்றே செய்த பாதுகாப்பு வகை) போடச் சொல்லுங்கள், சாதாரண வகை கூடாது. அதுவரை வேலை முடிந்ததும் பிளக்கை உருவிவிடுங்கள். புகைந்தது போனதாக நினைத்து அப்படியே ஓட்ட வேண்டாம்.

இதை இங்கே நீட்டிச் சொல்வதற்குக் காரணம், மெஷினில் எது நடந்தாலும் கரண்ட் மேல் பழி போடும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. எனக்கும் இருந்தது.

நள்ளிரவுத்தையல் · பிற்பகல் 2:30

ஊசிமுனை கேட்ட யுபிஎஸ் பற்றி யாருமே பேசவில்லையே. நான் எம்பிராய்டரி மெஷின் வைத்திருக்கிறேன். நாற்பது நிமிடம் ஓடும் டிசைனில் முப்பத்தைந்தாவது நிமிடம் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்த வலி புரியும். சில மெஷின் விட்ட தையலை நினைவில் வைத்திருக்கும், சிலது வைக்காது. வைத்திருந்தாலும் வளையத்தைக் கழற்றாமல், சில தையல் பின்னால் போய் ஆரம்பித்தால்தான் இடைவெளி தெரியாது.

நான் யுபிஎஸ் வாங்கும்போது பார்த்தது: மெஷினின் பின்னால் உள்ள தகட்டில் எத்தனை வாட் என்று இருக்கும். அதைப் போல இரண்டு மடங்கு தாங்குவதாக எடுத்தேன். நோக்கம் முழு டிசைனையும் பேட்டரியில் முடிப்பது இல்லை. இந்த நிறத்தை முடித்துவிட்டு நிதானமாக நிறுத்த வேண்டும், அவ்வளவே.

அலை வடிவம் முக்கியம். மலிவு ரகம் பேட்டரியில் ஓடும்போது படிக்கட்டு மாதிரி அலை தரும். கம்ப்யூட்டருக்குச் சரி. ஆனால் என் இன்னொரு மெஷினின் எலக்ட்ரானிக் பெடல் அதில் கோணல்மாணலாக ஓடியது, திடீரென்று வேகம் எடுக்கும், உறுமும். சுத்த சைன் அலை தரும் யுபிஎஸ்ஸுக்கு மாறியதும் நின்றது.

சால்டர்புகை · பிற்பகல் 3:10

அருமையாகச் சொன்னீர்கள். அந்த வகைப் பெடலில் டிரையாக் என்ற எலக்ட்ரானிக் ஸ்விட்ச் இருக்கும், அலை சுழியைக் கடக்கும் நேரத்தைப் பார்த்துத்தான் வேகத்தைப் பிரிக்கும். படிக்கட்டு அலையில் அதற்குக் குழப்பம். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சாதாரண யுபிஎஸ் கரண்ட் இருக்கும்போது லைனை அப்படியே உள்ளே விடும். உள்ளே ஒரு சின்ன வேரிஸ்டர் இருக்கும், அவ்வளவுதான் காப்பு. லைனை டிசியாக்கி, அதிலிருந்து எப்போதும் புதிதாக ஏசி செய்து தருகிற ஆன்லைன் வகைதான் உண்மையில் மெஷினை லைனிலிருந்து பிரிக்கும். வீட்டுத் தையலுக்கு அது அதிகப்படி என்பது என் எண்ணம். விசிறிச் சத்தமும் கூட.

இரட்டைப்பாபின் · மாலை 5:00

சரி, நல்ல ஸ்பைக் பஸ்டர் என்று நான் சொன்னதற்கு நானே திரும்பி வருகிறேன். பெட்டியில் எவ்வளவு ஆற்றலைத் தாங்கும் என்று ஜூல் கணக்கு போடுகிறார்களே, 300, 900, 2000 என்று. பெரிய எண் நல்லதா?

சால்டர்புகை · மாலை 5:40

பெரிய எண் என்றால் அதிக நாள் உழைக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வேரிஸ்டர் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தேயும். மழைக்காலம் முழுக்க அடி வாங்கினால் வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே தீர்ந்திருக்கும். அதனால் 'காப்பு இருக்கிறது' என்று சொல்ல ஒரு தனி விளக்கு வைத்த பெட்டியாக எடுங்கள். கரண்ட் விளக்கு வேறு, காப்பு விளக்கு வேறு. காப்பு விளக்கு அணைந்தால் அதுவும் வெறும் எக்ஸ்டென்ஷன்தான்.

ஜூலை விட முக்கியம், எவ்வளவு வோல்ட்டை உள்ளே விடும் என்ற எண். குறைவாக இருந்தால் நல்லது. அப்புறம் மூன்று வழியிலும் காப்பு வேண்டும்: ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த். எர்த்தே இல்லாத சாக்கெட்டில் சொருகினால் பின்னிரண்டும் வேலை செய்யாது. சூடு ஏறினால் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸ் உள்ளே இருக்க வேண்டும், உங்கள் பெட்டி தீய்ந்ததோடு நின்றதற்கு அது ஒன்றே காரணமாக இருக்கலாம். ஒரு பெட்டியில் இன்னொரு பெட்டியைச் சொருகாதீர்கள்.

தையல் அறைக்கு மட்டும் ஒன்று: அயர்னை இந்தப் பெட்டியில் சொருகவே சொருகாதீர்கள். 2000 வாட் அயர்ன் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பெட்டியில் அது துணியோடு சாக்கெட்டையும் தேய்க்கும்.

மாடிக்காற்று · மாலை 6:15

மின்னலுக்கு? எங்கள் பக்கம் இடி இடித்தால் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிடுவோம். அது போதும்தானே?

கம்பிவடம் · மாலை 7:00

போதாது. பெரும்பாலான சுவர் ஸ்விட்ச் ஃபேஸை மட்டும் வெட்டும், நியூட்ரல் பொருளோடு ஒட்டியே இருக்கும். வெட்டிய இடத்திலும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான். மேகத்திலிருந்து இறங்கி வந்ததற்கு அந்த இடைவெளி ஒரு பொருட்டா? பிளக்கை உருவி ஒரு அடி தள்ளி வைத்தால்தான் காப்பு. இடி நெருங்கிய பிறகு போய் உருவாதீர்கள், தூரத்தில் உறுமும்போதே செய்துவிட வேண்டும்.

வீட்டின் மேல் நேராக விழுவது அரிது. தூரத்தில் விழுந்ததே கம்பியில் அலையைக் கிளப்பும். அது மின்சார வயரில் மட்டும் வருவதில்லை, கேபிள் டிவி வயர், டெலிபோன் வயர், ரவுட்டருக்குப் போகும் வயர், எல்லாமே வாசல்தான். நிறையப் பேர் டிவியின் பிளக்கை உருவிவிட்டு ஆன்டெனா வயரை விட்டுவிடுவார்கள். செட்டாப் பாக்ஸிலிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவியின் போர்டைக் கொல்வது அந்த வழியில் நடக்கும்.

முழு வீட்டுக்குமாக மெயின் போர்டில் எஸ்பிடி, அதாவது ஸ்பைக்கை எர்த்துக்குத் திருப்பிவிடும் காப்புக் கருவி, போடலாம். ஐஇசி 61643-11 தரத்தில் மூன்று வகை: கட்டிடத்தில் இடிதாங்கி இருந்தால் வாசலில் முதல் வகை, சாதாரண வீட்டு போர்டுக்கு இரண்டாம் வகை, பொருளுக்குப் பக்கத்தில் மூன்றாம் வகை. போடுபவர் வயரை வளைத்து அழகாக நீட்டி விட்டால் காசு வீண். திடீரென்று ஏறும் கரண்டை வயர் எதிர்க்கும், அந்த எதிர்ப்பு (இண்டக்டன்ஸ்) ஒரு மீட்டர் வயருக்கு சுமார் 1 மைக்ரோ ஹென்றி. மைக்ரோ விநாடிக்கு ஆயிரம் ஆம்பியர் ஏறினால் அந்த ஒரு மீட்டரிலேயே 1000 வோல்ட் நிற்கும், அதுவும் சேர்ந்துதான் உங்கள் மெஷினுக்குப் போகும். அரை மீட்டருக்குள் முடிக்கச் சொல்லுங்கள். எர்த் சரியில்லாத வீட்டில் முதலில் எர்த்தைச் சரி செய்யுங்கள். அயர்ன் விளக்கைப் பளிச்சிட வைக்கிற வீட்டில் எஸ்பிடி அப்புறம்.

நூல்கண்டு · மாலை 7:30

தினமும் பிளக்கை உருவிச் சொருகினால் சாக்கெட் லூசாகிவிடாதா? லூஸ் சாக்கெட்டும் பொறி பறக்குமே.

கம்பிவடம் · மாலை 7:45

ஆகும். லூசானால் சாக்கெட்டை மாற்றுங்கள், மெஷினை மாற்றுவதைவிட அது சுலபம். பிளக்கைப் பிடித்து உருவுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

ஊசிமுனை · ஆறாம் நாள், இரவு 9:10

எல்லோருக்கும் நன்றி, சமாச்சாரம் சொல்ல வந்தேன்.

அன்றைக்கே எலக்ட்ரீஷியன் வந்தார். 'நியூட்ரல்' என்று சொன்னதும் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மீட்டரை எடுத்தார். அயர்ன் இல்லாமல் தையல் அறையில் 236. ஒரே ஒரு நிமிடம் அயர்னைப் போடச் சொன்னார், 247க்கு ஏறியது. அயர்ன் பக்கம் 216க்கு இறங்கியது. உடனே அணைத்துவிட்டு மெயினை இறக்கினார். மெயின் ஸ்விட்சைத் திறந்தால் நான்காவது திருகில் வயர் முனை கரியாக இருந்தது. மேலே இருந்த உறை சுருங்கி, உள்ளே செம்பு நீலமும் கறுப்புமாகத் தெரிந்தது. விரலால் தொட்டதும் ஆடியது. அந்தத் துண்டை வெட்டி எறிந்து, ஸ்விட்சையே மாற்றி, இறுக்கினார். இப்போது அயர்னைப் போட்டால் 236 அங்கேயே நிற்கிறது, ஒரு வோல்ட் அப்படி இப்படி. ஓவர் வோல்டேஜ் ரிலேயும் போட்டாயிற்று.

மெஷினை ரிப்பேருக்குக் கொடுத்தேன். பவர் போர்டில் கண்ணாடி ஃபியூஸ் உள்ளே முழுக்கக் கறுப்பு, நீல வட்டு இரண்டாகப் பிளந்திருந்தது, பெரிய கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தது. டயோடு பாலமும் போய்விட்டது. திரையும் மூளை போர்டும் தப்பிவிட்டன. எல்லாம் மாற்றிக் கொடுத்தார்கள், நேற்று அந்த ஜாக்கெட்டை முடித்தேன்.

சால்டர்புகை · இரவு 9:40

ரொம்ப சந்தோஷம். ஃபியூஸ் கண்ணாடி கறுத்திருந்தால் உள்ளே பலமான ஷார்ட், கம்பி மட்டும் அறுந்திருந்தால் லேசான அடி, இதை எல்லோரும் நினைவில் வைக்கலாம். பவர் போர்டில் இருக்கும் டிரான்ஸ்பார்மர் அந்தப் பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் பிரித்து வைக்கிறது, மூளை பிழைத்தது அதனால்தான். வீட்டில் திறந்து பார்க்க நினைப்பவர்களுக்கு: அந்தப் பெரிய கெப்பாசிட்டர் பிளக்கை உருவிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும், விரலை விடாதீர்கள்.

பழைய மெஷினுக்கு பல்ப் போட்டீர்களா?

ஊசிமுனை · இரவு 9:55

எல்ஈடி போடுங்கள், சூடு வராது, கை சுடாது என்று ரிப்பேர் கடையில் சொன்னார்கள். இப்போதைக்கு வேண்டாம் அண்ணா. பழைய மாதிரியே 15 வாட் இழை பல்ப்தான் போட்டிருக்கிறேன். எல்ஈடியாக இருந்திருந்தால் அந்தப் பளிச் எனக்குத் தெரிந்திருக்குமா?

சால்டர்புகை · இரவு 10:05

நல்ல எல்ஈடிக்குள் டிரைவர் இருக்கும், வோல்டேஜ் ஏறினாலும் ஒரே மாதிரி எரியும். தெரிந்திருக்காது.

பழையஇரும்பு · இரவு 10:20

நானும் பெடலுக்குக் கெப்பாசிட்டர் மாற்றியாயிற்று. எக்ஸ்2 தான். பழையதைக் கையில் வைத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மயிரிழை விரிசல் அப்படியே இருந்தது. நாற்றம் மட்டும் அறையை விட்டு இன்னும் போகவில்லை.